சீஸில் பதிந்த பல்

பல் செட் செய்கிறவர் வீட்டில் எதையாவது திருட்டுத்தனமாகத் தின்ன ஆசைப்பட்டால் கையால் பிய்த்துத் தின்னலாம். கரண்டியால் வழித்துத் தின்னலாம். கத்தியால் நறுக்கி, வெட்டின இடத்தைப் பூசி மெழுகி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல டிவி முன்னால் போய் உட்காரலாம். வாயை வைத்து நேராகக் கடிப்பது மட்டும் கூடாது. திருடின வீட்டுச் சுவரில் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டு வருகிற கதைதான் அது.

இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரோ கடித்திருந்தார்கள்.

மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்த பல்லுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். விருந்துக்கென்று அவரே தேடிப்பிடித்து வாங்கி வந்த சீஸ் அது. வட்டமாக, வெள்ளைத் தோல் போர்த்தி, தொட்டால் குழந்தை கன்னம் மாதிரி லேசாக அமுங்கும். சுற்றியிருந்த காகிதம் ஒரு பக்கம் பிரிந்து கிடந்தது. விளிம்பில் அரைவட்டமாக ஒரு வாய் காணவில்லை.

"என்னங்க, ஃப்ரிட்ஜைத் தொறந்து வச்சுக்கிட்டு என்ன தியானம்? உள்ள இருக்கிறதெல்லாம் சூடாகுது" என்றாள் மனைவி, ரொட்டி நறுக்கிக்கொண்டே.

"யாரோ கடிச்சிருக்காங்க" என்றார் பல்லுக்காரர். வீடு புகுந்து நகையை அள்ளிக்கொண்டு போனாலும் அந்தக் குரல் வந்திருக்காது.

அந்தச் சீஸின் மேல் அவர் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார் என்பதைச் சொன்னால்தான் இந்த அதிர்ச்சி புரியும். அன்று சாயங்காலம் மாமியாருக்கு எழுபதாவது பிறந்தநாள் விருந்து. மற்ற பலகாரங்களையெல்லாம் மனைவி பார்த்துக்கொள்ள, இது ஒன்றை மட்டும் நான்தான் செய்வேன் என்று பல்லுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். வெந்நீர் வைப்பதற்கே வழி கேட்கிற மனிதர். ஆனால் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். மேல்தோலைக் கட்டம் கட்டமாகக் கீற வேண்டும். கீறலில் பூண்டைச் செருகி, தேனை ஊற்றி, உடைத்த வால்நட்டைத் தூவி ஓவனில் வைக்க வேண்டும். தோல் அப்படியே நிற்க, உள்ளே இருப்பது மட்டும் உருகிக் குழைந்துவிடும். அதை மொறுமொறுப்பான ரொட்டியால் சுடச்சுட அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான்.

சமையல் ஆசை திடீரென்று வந்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு பல் செட் இருந்தது.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. பல் டாக்டரம்மா ஒருவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் வீட்டு முன்னறையில் விளக்கும் ராவுகிற மெஷினுமாக உட்கார்ந்து செட் செய்து கொடுப்பார். முதலில் பற்களை மெழுகில் நட்டு அனுப்புவது முறை. நோயாளி அதைப் போட்டுக் கடித்துப் பார்ப்பார், பேசிப் பார்ப்பார். எந்தப் பல்லாவது உயரம், எதுவாவது கோணல் என்றால் மெழுகில் இருக்கும்போதே நகர்த்திவிடலாம். டாக்டரம்மா சரி என்று தலையாட்டின பிறகுதான் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது. முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் இந்த மெழுகுப் பரீட்சையை இரண்டு தடவை, மூன்று தடவைகூட வைப்பார். அவ்வளவு சுத்தமான வேலைக்காரர்.

மாமியாருக்குக் கடைசிப் பற்களும் போனபோது, இந்தச் செட்டைத் தன் பரிசாகச் செய்து தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

"மெழுகுல ஒரு தடவை போட்டுப் பாத்துரலாமே" என்றார் டாக்டரம்மா.

"எதுக்கு டாக்டரம்மா? எங்க அத்தை வாய் எனக்குத் தெரியாதா?" என்றார் பல்லுக்காரர்.

தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிற வாய்தானே என்ற தெம்பு. வெளியாளுக்கு மூன்று பரீட்சை வைக்கிற மனிதர் சொந்த வீட்டுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. உரிமை என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு ஒழுங்குமுறையெல்லாம் பறந்துவிடும்.

செட் பார்க்க அழகாகத்தான் வந்தது. மாமியார் ஒரு நாள் போட்டார். மறுநாள் காலையில் அது கட்டில் பக்கத்தில் கண்ணாடி டம்ளருக்குள் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தது.

"குத்துது, மாப்பிள்ளை."

"பழகப் பழகச் சரியாயிடும், அத்தை."

அன்றிலிருந்து இந்த இரண்டு வரிதான். மாமியார் எத்தனை விதமாகச் சொன்னாலும் பல்லுக்காரரிடம் அதே பதில். அவருக்கு உள்ளூர வருத்தம். எத்தனையோ பேர் வாய்க்குப் பொருந்துகிற தன் கைவேலை சொந்த மாமியாருக்கு மட்டும் குத்துகிறது என்றால், அது பல்லின் குற்றமல்ல, மனசின் குற்றம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அத்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அதான் சாக்குச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

மாமியாரும் லேசுப்பட்டவர் அல்ல. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று அவர் குரலில் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டு மூட்டையும் முடிச்சுமாக ஓடாதவர்கள் குறைவு. பல் போன பிறகு பேச்சில் காற்று புகுந்துகொண்டது. அதிலிருந்து வீட்டு ஆட்களைத் தவிர யாரிடமும் அதிகம் வாய் திறப்பதில்லை. விருந்துக்குப் பழைய ரயில் நிலையத்துச் சிநேகிதிகள் வருகிறார்கள். வந்தால் ஒரு அறிவிப்பு செய்யச் சொல்லாமல் விடமாட்டார்கள். "நான் பல்லும் போடமாட்டேன், வாயும் தொறக்கமாட்டேன். சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சு வந்துருவேன்" என்று மாமியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

போதாததற்கு டாக்டரம்மாவும் வருகிறார். மாமியாரே போடாத செட்டைச் செய்தவரிடம் நாளைக்கு எந்த நம்பிக்கையில் அச்சு அனுப்புவார்? பல்லுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் சீஸ் யோசனை உதித்தது. மாமியாருக்குச் சீஸ் என்றால் உயிர். கண்ணெதிரே சூடாக, வாசனையாக உருகி வழிகிற சீஸை வைத்தால் அதற்காகவாவது செட்டைப் போட்டுத்தான் ஆகவேண்டும். போட்டுச் சாப்பிட்டுவிட்டால், குத்தல் எல்லாம் சும்மா என்பது சபையில் தெரிந்துவிடும்.

"உருகின சீஸுக்குப் பல்லு எதுக்குங்க?" என்று மனைவி அப்போதே கேட்டாள்.

"ரொட்டி மொறுமொறுன்னு இருக்குமில்ல" என்றார் பல்லுக்காரர், ராணுவ ரகசியத்தைச் சொல்வதுபோல.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்யப்போகிற நொடியில் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிப்போனவள். வீட்டிலும் கணவர் ஏதாவது அசட்டுத்தனமாகத் தொடங்கினால் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்று அழுத்தியது. ஆனால் சமையலறைத் தரையில் பிரேக் இல்லையே, வண்டி போயே போய்விட்டது.

இப்போது அந்தச் சீஸில்தான் யாரோ வாய் வைத்திருந்தார்கள்.

பல்லுக்காரர் சீஸைத் தட்டோடு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கோபம் இருந்தாலும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. மேலே பற்கள் இறங்கின தடம் வரிசையாக, தெளிவாகப் பதிந்திருந்தது. ஃப்ரிட்ஜில் இறுகியிருந்த சீஸ், மெழுகு தோற்றுப்போகும் அளவுக்கு அச்சைப் பிடித்து வைத்திருந்தது.

முதல் சந்தேகம் மனைவியின் தம்பி மேல். அவன் காலையிலேயே பலூன் கட்ட வந்திருந்தான். அவன் பலூன் ஊதின நேரத்தைவிடச் சமையலறைப் பக்கம் எட்டிப்பார்த்த நேரம் அதிகம்.

"மச்சான், வாயைத் தொற."

"என்ன அத்தான், ஊட்டிவிடப் போறீங்களா?" என்று அவன் ஆசையாக வாயைத் திறந்தான். மேல்வரிசையில் நடுவே ஒரு இடைவெளி. சீஸில் அந்த இடைவெளி இல்லை.

"மூடிக்கோ. நீ நிரபராதி."

"நிரபராதிக்கு ஒண்ணும் தரமாட்டீங்களா?"

மனைவியின் முன்பல் ஒன்று அடுத்ததன் மேல் லேசாக ஏறி நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே அவர் மனசைக் கவர்ந்த பல் அது. அதுவும் சீஸில் இல்லை. அங்கே இருந்ததெல்லாம் அளவெடுத்து வைத்தாற்போல ஒழுங்கான வரிசை. பிறந்த வாயில் இவ்வளவு ஒழுங்காகப் பல் முளைக்காது. யாராவது உட்கார்ந்து நட்டிருக்க வேண்டும்.

பல்லுக்காரர் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. தன் கையெழுத்தைத் தானே படிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும்?

"உங்கம்மாதான்!" என்றார். "என் செட்டைப் போட்டுத்தான் கடிச்சிருக்காங்க! குத்துது குத்துதுன்னு அத்தனை நாடகமும் ஆடிட்டு, யாரும் இல்லாதப்போ ஜம்முனு போட்டுக்கிட்டுச் சீஸ் சாப்பிடறாங்க. மாட்டிக்கிட்டாங்க!"

மனைவியின் கால் தரையை அழுத்தியது.

"இன்னிக்கு அவங்க பிறந்தநாள்ங்க. ஒரு வாய் சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போறாங்க. சீஸைக் குடுங்க, ஓவன் சூடாயிருச்சு."

"ஓவன்லயா? சாட்சி உருகிப்போயிடுமே! இரு, ஒரு நிமிஷம், இதை அப்படியே அச்சு எடுத்துக்கறேன்" என்று பல்லுக்காரர் முன்னறைக்கு ஓடிப்போய் அச்சு எடுக்கிற மாவும் கிண்ணமுமாகத் திரும்பி வந்தார்.

மனைவி கையில் ரொட்டி நறுக்குகிற கத்தியோடு நடுவில் நின்றாள். "அந்த மாவு ஒரு துளி இந்தச் சீஸ்ல பட்டுச்சு, அப்புறம் வர்ற விருந்தாளிக்கெல்லாம் நீங்கதான் பதில் சொல்லணும். வந்தவங்க வாயெல்லாம் ஒட்டிக்கிட்டா அதுக்கும் செட் செய்வீங்களா?"

கடைசியில் சமாதானம் ஆயிற்று. கடி இருந்த பகுதியை மட்டும் சுற்றி வெட்டி ஒரு சாஸரில் வைத்து அவரிடம் கொடுத்தாள். மீதி அவளுக்கு. தோல் அறுபட்ட பக்கம் சீஸ் உருகி ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதை ஒரு ஆழமான பாத்திரத்தில் இறுக்கி உட்காரவைத்து, வெட்டின வாயில் ரொட்டித் துண்டுகளையும் வால்நட்டையும் அடைத்து, மேலே தேனை ஊற்றினாள். பல்லுக்காரர் மனப்பாடம் செய்திருந்த சமையல் இப்படிக் கைமாறிப் போனதை அவர் கவனிக்கவே இல்லை. அவர் சாஸரைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மாமியாரின் அறைக்குப் புறப்பட்டுவிட்டார்.

மாமியார் புதுத் துணி உடுத்தி, தலை சீவி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செட் வழக்கம்போல டம்ளரில் கிடந்தது. பல்லுக்காரர் கைக்குட்டையை விலக்கினார்.

"இது என்னன்னு தெரியுதா, அத்தை?"

மாமியார் பார்த்தார். "சீஸ்" என்றார்.

"அதுல என்ன இருக்கு?"

"நல்லா இருக்கும்."

"நான் அதைக் கேக்கல. கடிச்சது யாரு?"

"கேக்கறதைப் பார்த்தா உங்களுக்கே தெரிஞ்சிருச்சு போல."

பல்லுக்காரர் இதற்காகத்தான் காத்திருந்தார். "அப்ப போடத் தெரியுது, கடிக்கத் தெரியுது. எங்கிட்ட மட்டும்தான் குத்துது, இல்லையா? இவ்வளவு நாளா என் வேலையைத்தானே குறை சொன்னீங்க? இப்ப உங்க பல்லே சாட்சி சொல்லுது பாருங்க."

மாமியார் கோபப்படவில்லை. அதுதான் பல்லுக்காரருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"கடிச்சேன், மாப்பிள்ளை. மறைக்கல. கடிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனாலும் சீஸ் நல்லா இருந்துது, அதனால முழுங்கிட்டேன்."

"வலிச்சா எதுக்குப் போடறீங்க?"

"தினமும்தான் போட்டுப் பாக்கறேன். உங்க மெஷின் ஓடும்போது போட்டுக்கிட்டு, இங்க உக்காந்து பழைய அறிவிப்பெல்லாம் சொல்லிப் பாப்பேன். அந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேக்காது. மெஷின் நிக்கும்போது கழட்டிருவேன், அதுக்கு மேல தாங்காது. இன்னிக்கு எல்லாரும் வர்றாங்களே, இன்னிக்காவது சரியாயிருக்கான்னு பாக்கத்தான் கடிச்சேன். ஆகல."

பல்லுக்காரர் டம்ளரில் கிடந்த செட்டைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"பழகப் பழக..."

"உங்களுக்குப் பழகிருச்சு, மாப்பிள்ளை, அதைச் சொல்லிச் சொல்லி" என்றார் மாமியார். "வாய் என்னுதுதானே?"

பல்லுக்காரர் சாஸரைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். தோற்றுப்போகிற வழக்கு இல்லை இது, சாட்சியை விளக்கடியில் வைத்து நன்றாகப் பார்த்து, டாக்டரம்மாவிடமே காட்டிவிடுவது என்ற வீம்பு இன்னும் இருந்தது. விளக்கைப் போட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

முன்பற்களின் தடம் அழகாக இருந்தது. இடது கோரைப்பல் அளவாக இறங்கியிருந்தது. வலது கோரைப்பல்லின் இடத்தில் மட்டும் ஒரு குழி, ஆழமாக.

கடி கோணலாகப் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். சாஸரைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பல் குத்தும் கம்பியால் ஆழம் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் மற்ற பற்கள் நின்ற இடத்தைத் தாண்டி அந்த ஒரு பல் முதலில் போய் இடித்திருந்தது. வாயை மூடுகிற ஒவ்வொரு தடவையும் அது கீழ்ப்பல்லில் முட்டி, மொத்தச் செட்டையும் ஈறுக்குள் அழுத்தியிருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும், ஒவ்வொரு வாய் சோற்றுக்கும். இதைத்தான் மாமியார் குத்துது, குத்துது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெழுகில் ஒரே ஒரு தடவை போட்டுக் கடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவருக்கு என்றால் தெரிந்திருக்கும்.

பல்லுக்காரருக்கு முகம் சூடாகிவிட்டது. கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றினவர் கொஞ்ச நேரம் அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தன் மெஷின் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு, வராத ரயில்களுக்கு அறிவிப்பு சொல்லிப் பழகின மாமியாரை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம், நானே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தப்பு என்று கண்ணால் கண்டுவிட்டால் அதைப் பார்க்காதமாதிரி எழுந்துபோகத் தெரியாதவர்.

மறுபடி மாமியாரின் அறைக்குப் போனபோது பல்லுக்காரர் கையில் மையடித்த மெல்லிய நீலத் தாள் இருந்தது. பற்கள் எங்கே இடிக்கின்றன என்று பார்க்க, நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்கிற தாள்.

"அத்தை, செட்டைப் போட்டு இதைக் கொஞ்சம் கடிங்க."

மாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். சற்றுமுன் போன வேகம் அங்கே இல்லை. செட்டை எடுத்துப் போட்டுக் கடித்தார். கழற்றிப் பார்த்தபோது வலது கோரைப்பல்லின் நுனியில் மட்டும் நீலம் திட்டாக ஒட்டியிருந்தது.

"என்னவாம்?" என்றார் மாமியார்.

"ஒரு பல்லு உசரம்."

"எவ்வளவு உசரம்?"

"மயிரிழை."

"மயிரிழைக்கா இந்தப் பாடு?" என்று மாமியார் பெருமூச்சு விட்டார். "சரி, ராவுங்க. நானும் வர்றேன். உங்களைத் தனியா விட்டா வேற எதையாவது ராவிடுவீங்க."

முன்னறையில் நோயாளிகள் உட்காரும் வழக்கம் கிடையாது, மாமியார்தான் முதல் ஆள். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை வாங்கினார். மெஷின் உறுமியது. நின்றது. கடித்துப் பார்த்தார். "இன்னும் இடிக்குது." மறுபடி உறுமியது. "இன்னும் லேசா." மறுபடி. நீலத் திட்டு வரவரச் சிறுத்து, மற்றப் பற்களிலும் சமமாகப் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியது. அதற்குப் பிறகும் மாமியார் இரண்டு தடவை "இன்னும் லேசா" என்றார். அது வலிக்காக அல்ல, இத்தனை நாள் கடனுக்காக என்று பல்லுக்காரருக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமல் மெஷினை வெறுமனே ஓடவிட்டு நிறுத்தினார்.

"இப்ப?"

மாமியார் மெல்ல வாயை மூடினார். திறந்தார். மூடினார். அவர் தோள் இரண்டும் இறங்கின. அவ்வளவு நாளும் அவை தூக்கிக்கொண்டிருந்ததே பல்லுக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப வாய் மாதிரி இருக்கு" என்றார்.

"ஈறு புண்ணாகியிருக்கு, அத்தை. அது ஆறணும். கொஞ்ச நாளைக்கு வலது பக்கம் கடினமா எதையும் வச்சுக் கடிக்காதீங்க."

"அதையும் உங்க சீஸ்கிட்டக் கேட்டுக்கறேன்."

வாசல் மணி அடித்தது.

விருந்து களைகட்டிவிட்டது. ரயில் நிலையத்துச் சிநேகிதிகள் வண்டி கிளம்பப்போகிற பரபரப்போடுதான் எங்கேயும் நுழைவார்கள். டாக்டரம்மா பூங்கொத்தோடு வந்தார். மச்சான் கட்டின பலூன்களில் பாதி அதற்குள் சுவரிலிருந்து இறங்கியிருந்தது. மனைவி சீஸ் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். பழைய வட்டம் இப்போது வட்டமாக இல்லை. வெட்டின பக்கம் சீஸ் உடைத்துக்கொண்டு ஓடி, அடைத்து வைத்த ரொட்டியெல்லாம் அதில் ஊறி, ஓரம் பொன்னிறமாக முறுகியிருந்தது. தேன் கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டும் வால்நட்டும் கலந்த வாசனை வந்ததும் பேச்சு நின்றது.

"யாரு செஞ்சது?" என்றார் ஒரு சிநேகிதி.

"அவர்தான்" என்றாள் மனைவி, கண்ணை இமைக்காமல். பல்லுக்காரர் மறுக்க வாயெடுத்தார். அவளுடைய கால் தரையை அழுத்துவதைப் பார்த்துவிட்டு, கரண்டியும் கையுமாகப் பரிமாற நின்றார்.

மாமியார் ஊறின ரொட்டி ஒன்றைச் சீஸோடு எடுத்து இடது பக்கம் வைத்து மென்றார். எல்லோரும் பார்த்தார்கள். பல்லுக்காரர் மட்டும் மூச்சுவிட மறந்து பார்த்தார்.

டாக்டரம்மாவுக்குத் தொழில் கண். "செட் போட்டிருக்கீங்களே! பழகுற வரைக்கும் சிரமமா இருக்குன்னு இவர் சொன்னாரு. இப்ப பரவாயில்லையா?"

பல்லுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது மாமியார் எது சொன்னாலும் நியாயம். "என் மாப்பிள்ளை நான் சொன்னதை நம்பல, நான் கடிச்ச சீஸை நம்பினாரு" என்று ஒரு வரி சொன்னால் போதும், ஆட்டம் முடிந்தது. மாமியார் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். சிநேகிதிகள் கைதட்டத் தொடங்கினார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பயணிகளின் கவனத்திற்கு" என்றார்.

அந்தக் குரல்! காற்றுப் புகாத, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிற பழைய குரல். மச்சான் கையிலிருந்த தட்டை அறியாமல் கீழே வைத்துவிட்டான். மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"'பழகப் பழகச் சரியாயிடும்' என்ற வழியாக வந்துகொண்டிருந்த எங்கள் வீட்டு மாப்பிள்ளை, பல மாதத் தாமதத்திற்குப் பிறகு, சற்று முன்பு என் பல்லுக்கு வந்து சேர்ந்தார்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. டாக்டரம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெழுகுப் பரீட்சை ஞாபகம் வந்து பல்லுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். மாமியார் உட்காரவில்லை. அறிவிப்பு முடியவில்லை என்று சிநேகிதிகளுக்குத் தெரியும். தாமத அறிவிப்புக்குக் கடைசியில் ஒரு வரி உண்டு. அந்த வரியை அவர் சொல்லாமல், பல்லுக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. கரண்டியிலிருந்து சீஸ் மேசைவிரிப்பில் சொட்டியது.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றார் பல்லுக்காரர், தொண்டைக்குள்.

"கடைசி நடைமேடை வரைக்கும் கேக்கணும், மாப்பிள்ளை."

பல்லுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "அத்தை அன்னிக்கே சொன்னாங்க. தினமும் சொன்னாங்க. நான் கேக்கல, டாக்டரம்மா. மெழுகுல போட்டுப் பாக்காதது என் தப்பு." பிறகு மாமியார் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருங்க, அத்தை. வலிச்சிருக்கும்."

மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தட்டிலிருந்து நன்றாக முறுகின ரொட்டித் துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். சீஸில் தோய்த்தார். வேண்டாம், அந்தப் பக்கம் வேண்டாம் என்று பல்லுக்காரர் கையைத் தூக்குவதற்குள் அதை வலது பக்கமாக வைத்து, மொறுக்கென்று கடித்தார்.